அசையாதீங்க மாமா!

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை தனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டக் கூடாது. அரைகுறையாகத் தெரிந்ததை அறவே காட்டக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது மலைமேல் இருக்கும் கரியாலூரில்.

என் மாமனாருக்கு அங்கே மளிகைக் கடை. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது "சாப்டிங்களா", "கெளம்பிட்டிங்களா" இரண்டுதான். (இரண்டாவதைக் கேட்கும்போது மட்டும் முகத்தில் ஒரு மலர்ச்சி.) கள்ளக்குறிச்சியில் கணக்கெழுதிச் சம்பாதிப்பதையெல்லாம் பிலிம் சுருளில் கரைக்கும் ஒருவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்ற வருத்தம் அவருக்கு. அவர் புது வீட்டுக்குக் குடிபோன அன்று அதைப் போக்கிவிடுவது என்று நான் முடிவு செய்தேன்.

நிலா வெளிச்சத்தில் மட்டும் வீடு, பின்னால் மலை, முன்னால் குடும்பம் என்று ஒரே படம். அதுவும் புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் ஸ்லைடு பிலிமில். ஸ்லைடு பிலிம் மன்னிப்பே அறியாதது. வெளிச்சம் குறைந்தால் கரி, கூடினால் சலவை வேட்டி. அந்த இருட்டில் வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் எழுந்திருக்கவே இல்லை. மனக்கணக்குப் போட்டேன். ஷட்டரை மூன்று நிமிஷம் திறந்து வைத்தால் போதும் என்று வந்தது. முதலில் வெறும் மலையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

"நேரம் ஆக ஆக பிலிம் சோம்பேறியாயிடும். வெளிச்சத்த கம்மியாத்தான் வாங்கும். அதையும் சேத்துத்தான் கணக்கு" என்று மனைவியின் தம்பிக்கு விளக்கினேன்.

"என் போன்ல நைட் மோடு கீது மாமா. ஒரே அமுக்கு" என்றான் அவன். கலை தெரியாதவன் என்று விட்டுவிட்டேன்.

சீரியல் பல்பு உட்பட எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னதும் மாமியார் என் மனைவியிடம் திரும்பினார். "இன்னாடி இது? குடிபோன வூட்ல போய் வெளக்க அணைக்கச் சொல்றாரு!"

மாமனார் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தார். அவர் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள்.

"இன்னா பண்ணணும் மாப்ள?" என்றார். முதல்முறையாக ஒரு மூன்றாவது கேள்வி!

குரலை உயர்த்திச் சொன்னேன். "மூணு நிமிஷம் மாமா. என்ன நடந்தாலும் அசையாதீங்க. அசைஞ்சவங்க படத்துல காணாமப் போயிடுவாங்க."

"சரி."

ஷட்டரைத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி பூட்டினேன். போனில் நேரம் ஓடியது. யாரும் மூச்சு விடுவதாகத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் தாண்டியிருக்கும். பக்கத்து மரவள்ளிக் கொல்லையில் செடி ஒடிந்தது. இன்னொன்று. பிறகு 'புஸ்' என்று கனமான ஒரு மூச்சு.

அந்த வாரம்தான் பலாப்பழத்துக்குக் கரடி இறங்கியதாக ஊரில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் அசையாதீங்க" என்று கிசுகிசுத்தேன். (படத்துக்காகத்தான். உயிரைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.)

செடிகள் எங்கள் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தன. கறுப்பாக, அகலமாக ஒரு முதுகு தெரிந்தது.

"கரடிடீ!" என்று என் மனைவியின் சித்தி அலறினார்.

அதற்குப் பிறகு எனக்குக் கோர்வையாக நினைவில்லை. கதவு அறையும் சத்தம், யாரோ செருப்பில்லாமல் ஓடும் சத்தம். நினைவு திரும்பியபோது வாசலோரம் நின்ற காருக்குள் இருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவையும் பூட்டியிருந்தேன். மனைவி வெளியே இருக்கிறாள் என்பது பிறகுதான் உறைத்தது. உறைத்த பிறகும் கை கதவைத் திறக்க மறுத்தது.

ரொம்ப நேரம் கழித்து மச்சான் குரல் கேட்டது. "வெளிய வாங்க எல்லாரும்! நம்ம எருமதான். கயித்த அத்துக்கினு மேஞ்சிக்கினு கீது!"

காரிலிருந்து இறங்கி வந்தேன். மாமனார் அதே நாற்காலியில், முழங்காலில் கை வைத்து, லென்ஸையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நீங்க ஓடலியா?"

உதடு மட்டும் அசைந்தது. "நீங்கதான அசையாதன்னிங்க? முடிஞ்சிதா?"

ஓடிப்போய் ஷட்டரை மூடினேன். "நான் தடி எடுக்கத்தான் காருக்குப் போனேன் மாமா" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினார் என்றே நினைத்தேன்.

பிலிமை வெளியூருக்கு அனுப்பிக் கழுவி வாங்கி, ஒரு பழைய புரொஜெக்டரை இரவல் வாங்கிக்கொண்டு மலையேறினேன். என் கணக்குப்படி எடுத்த மலைப் படம் முதலில் சுவரில் விழுந்தது. சுத்தக் கரி. அடுத்தது வந்ததும் எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் காருக்குள் ஒளிந்திருந்த நேரமெல்லாம் சேர்ந்து, சோம்பேறி பிலிம் வயிறு நிறைய வெளிச்சம் குடித்திருந்தது. மலை நீலமாக, வீடு வெள்ளையாக, அவ்வளவு அழகு. ஓடியவர்கள் புகைபோலக் கரைந்திருக்க, நடுவில் மாமனார் மட்டும் சிலைபோல.

அதோடு ஒரு வெள்ளைக் கோடு. பயத்தில் என் விரல் பட்டு, கையிலிருந்த போனின் டார்ச் எரிந்திருக்கிறது. கோடு கேமராவின் பக்கத்தில் கிளம்பி, இரண்டு துள்ளுத் துள்ளி, எங்கும் திரும்பாமல் நேராகக் காரில் போய் நின்றது.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் புரொஜெக்டரை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும் மாப்ள" என்றார் மாமனார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தப் படம் இப்போது பெரிதாக்கி, சட்டம் போட்டு, அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "இது இன்னாங்க, மின்னலா?" என்று கேட்பார்கள்.

"அதுவா?" என்பார் மாமனார். "அது எங்க மாப்ள."