லாஞ்சு வாத்தியாரும் வெளியே வராத எஞ்சினும்

கடலுக்கும் சித்தூருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று பூகோளப் புத்தகம் எழுதினவர்களுக்கு எங்கள் லாஞ்சு வாத்தியாரைத் தெரியாது. இந்தப் பூமியில் பிறந்த பிடிவாதக்காரர்களை வரிசையாக நிற்க வைத்தால், முதல் ஆளாக நின்று மற்றவர்களுக்கும் விசில் ஊதிக்கொண்டிருப்பார் அவர்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அவர் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். சித்தூர் ஜில்லா ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று ஊரே மல்லுக்கு நின்ற காலம் அது. டீக்கடையில் தமிழில் ஆரம்பிக்கிற சண்டை பாதியில் தெலுங்குக்கு மாறும், சூடு ஏறினால் மறுபடி தமிழுக்கு வரும். யார் எந்தக் கட்சி என்று அவர்களுக்கே மறந்துபோகும். வாத்தியார் மட்டும் எதிலும் சேரவில்லை.

"அந்தப் பக்கம் போனாலும் சமுத்திரம் கீது, இந்தப் பக்கம் வந்தாலும் சமுத்திரம் கீது. நம்ம லாஞ்சிக்கு நஷ்டமில்ல நைனா" என்பார்.

லாஞ்சு என்றால் நிஜமான மோட்டார் படகு. பள்ளிக்கூடத்துக்குக் கால்பந்து வாங்க மெட்ராஸ் போனவர், துறைமுகத்துப் பக்கம் பட்டாளத்துப் பழைய சாமான்களை ஏலம் விடுவதைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டார். பந்து வந்தது, படகுக்குள் உட்கார்ந்து வந்தது. பின்பக்கத்து மதில் சுவரில் பாதியை இடித்து, லாரிக்காரர்கள் அதைக் கொல்லையில் இறக்கினார்கள். நேராகச் சமையல்கட்டு வாசலை அடைத்து இறக்கினார்கள். "இப்ப நவுத்திக்கலாம்" என்றார் வாத்தியார். லாரி போன பிறகு தெரிந்தது, அது நகராது. அதன் வயிற்றுக்குள் இரண்டு எஞ்சின்கள் இருந்தன.

பாதிரியார் வந்து படகைப் பார்த்தார், ஆகாயத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அடுப்படிக்குப் போக வேண்டுமானால் ஏணி வைத்துப் படகில் ஏறி, எஞ்சின்களைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். வாத்தியாரம்மா சோற்றுப் பானையோடு ஏறி இறங்கினார்கள். எனக்கு வந்த காப்பியில் டீசல் வாசனை அடித்தது. ஒருநாள் புடவைத் தலைப்பு எதிலோ மாட்டி, கொதிக்கிற குழம்பு அப்படியே எஞ்சின் மேல் கொட்டியது. அன்றைக்கே அந்த அம்மா டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு, திருப்பதியில் இருந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"அந்த ரெண்டு இரும்பும் வெளிய வந்து, சமையக்கட்டு வாசல் என் கண்ணுல பட்டாத்தான் இந்த ஊட்டுக்கு வருவேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

வாத்தியார் ஆடிப்போனார். பள்ளிக்கூடத்தையே விசிலில் நடுங்க வைக்கிற மனிதர், தானே கிண்டின உப்பில்லாத உப்புமாவை எனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொடுத்து, "துன்னு நைனா" என்பார், ஆனால் அவர் துன்னமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் தெருவையே கூட்டினார். சமையல்கட்டு உத்திரத்தில் கப்பி மாட்டி, கயிற்றை எஞ்சினில் கட்டி, விசில் ஊதினார். இழுத்தோம். எஞ்சின் வரவில்லை, உத்திரம் வந்தது, பின்னாலேயே கூரை ஓடுகளும் வந்தன. அப்புறம்தான் படகுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எஞ்சினிலிருந்து படகின் பின்பக்க விசிறிக்குப் போகிற நீளமான இரும்புத் தண்டைக் கழற்றவே இல்லை. நாங்கள் மொத்தப் படகையும் தூக்கப் பார்த்திருக்கிறோம்.

தண்டைக் கழற்றி, போல்ட்டுகளை எல்லாம் கொட்டாங்கச்சியில் போட்ட பிறகு, படகுக்கு மேல் மூன்று பனங்கட்டையை முக்காலியாக நட்டு, உச்சியில் கப்பியை மாட்டினார். பக்கத்துக் கிராமமான குடிபாலாவிலிருந்து முனுசாமி என்கிற குடியானவர் தன் ஜோடி மாட்டை ஓட்டி வந்தார். பரம்பரையாகக் கபிலை இறைத்த மாடுகள். கிணற்றில் கபிலை இறைக்கிறவர்களுக்குத் தெரியும்: ஆள் கயிற்றில் உட்கார்ந்து பாட, மாடு சரிவில் இறங்கும், தண்ணீர்ச் சால் மேலே வரும். பாட்டின் கடைசிச் சொல்லை இழுக்கிற வரை மாடு நிற்கும். சொல் முடிந்ததும் பின்னாலேயே நடந்து மேலே ஏறிவிடும், சால் கிணற்றுக்குள் இறங்கிவிடும்.

முனுசாமி கயிற்றில் உட்கார்ந்து பாடினார். மாடுகள் பின்பக்கத்துச் சந்துச் சரிவில் இறங்க, எஞ்சின் பல்லக்கு மாதிரி மேலே எழும்பியது. தெருவே கைதட்டியது. "பக்கத்துல தள்ளு" என்று வாத்தியார் விசில் ஊதினார். படகின் விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போனோம். முனுசாமிக்கு மூச்சு முட்டிப் பாட்டு நின்றது. மாடுகள் மரியாதையாகப் பின்னால் நடந்தன. எஞ்சின் கீழே இறங்கி, பழைய இடத்தில், போல்ட்டு ஓட்டைகூடப் பிசகாமல் உட்கார்ந்தது.

மறுபடி தூக்கினோம், மறுபடி உட்கார்ந்தது. மாட்டைப் பிடித்து நிறுத்தப் போன ஆளையும் அது பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

"பாட்டு முடிஞ்சா திரும்பிடும் சார். அதுங்களுக்கு வேற தெரியாது" என்றார் முனுசாமி.

"அப்ப முடிக்காத" என்றார் வாத்தியார்.

முனுசாமிக்கு மூச்சு போகிற இடத்தில் வாத்தியாரே அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு "ஏ…" என்று இழுத்தார். கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைக்கிற மனிதர் அவர். அவரிடமிருந்து நான் வாங்கினேன், என்னிடமிருந்து தெருமுனை ஓட்டல் சமையல்காரர் தெலுங்கில் வாங்கினார். மாடுகளுக்கு எந்த ராஜ்யமானாலும் சரிதான். ஆனால் எஞ்சினைத் தள்ளுவதும் நாங்களே, பாடுவதும் நாங்களே. பாடிக்கொண்டு தள்ள முடியவில்லை, தள்ளிக்கொண்டு பாட முடியவில்லை. இருட்டும் வரை எஞ்சின் ஏறி ஏறி இறங்கியது.

அன்று சாயங்காலம் பாகாலா வழியாக ரயிலில் போன யாரோ இந்தச் செய்தியையும் திருப்பதிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மறுநாள் காலை, எஞ்சின் அந்தரத்தில் தொங்க, வாத்தியார் கண்ணை மூடி "ஏ…" என்று இழுத்துக்கொண்டிருந்தபோது, இடிந்த மதில் பக்கம் டிரங்குப் பெட்டியோடு வாத்தியாரம்மா நின்றார்கள்.

"எஞ்சினுக்குக் கீழ ஒரு பலகைய போட்டா இன்னா?" என்றார்கள்.

சமையல்கட்டுக்கு ஏறுகிற அதே ஏணியை முனுசாமி எடுத்துப் படகின் குறுக்கே போட்டார், அதன் மேல் பலகைகளைப் பரப்பினோம். வாத்தியார் பாட்டை விட்டார். மாடுகள் பின்னால் நடந்தன. எஞ்சின் பலகை மேல் சமர்த்தாக உட்கார்ந்தது.

ஆனால் வாத்தியார் எஞ்சினைப் பார்க்கவே இல்லை.

"வாசல் இன்னும் தெரியலியே. எப்படி வந்த?" என்று கேட்டார்.

"நீங்க பாட்டு பாடிக்கினு கீறீங்கன்னாங்க. ஒடம்புக்கு இன்னாவோ ஏதோன்னு ஓடியாந்தேன்" என்றார்கள் அந்த அம்மா.

அதைப் பலகை வழியாகத் தள்ளிக் கொல்லையில் இறக்கினோம், மத்தியானத்துக்குள் இரண்டாவது எஞ்சினும் வெளியே வந்தது. லேசாகிப்போன படகைத் தெரு ஆட்களோடு சேர்ந்து வேப்பமரத்தடிக்குத் தள்ளினோம். வாசல் தெரிந்தது, அடுப்பு எரிந்தது. அன்றைக்குச் சாப்பிட்ட குழம்பு மாதிரி அப்புறம் நான் சாப்பிட்டதில்லை.

எல்லை ஒருவழியாக முடிவானது. சில கிராமங்கள் அங்கே போயின, சில இங்கே வந்தன, லாஞ்சு மட்டும் வேப்பமரத்தடியை விட்டு நகரவில்லை. எஞ்சின்களை வாத்தியார் கடைசிவரை திரும்பப் பூட்டவும் இல்லை. சாயங்காலம் அவர் சுக்கான் பிடித்து உட்காருவார், அந்த அம்மா எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்வார்கள். "எங்க வுடட்டும்?" என்பார் அவர். "மெதுவா நேரா போங்க, கீரை செதறுது" என்பார்கள் அந்த அம்மா.

நான் இப்போது சென்னைவாசி. கடற்கரைக்குப் போனால், இவ்வளவு தண்ணீர் சும்மா கிடக்கிறதே என்று அவருக்காக வருத்தமாக இருக்கும். தூரத்தில் ஏதாவது மோட்டார் படகு போனால் நின்று பார்ப்பேன், அதில் யாராவது கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்களா என்று.