உங்கள் அக்காவை மறைத்ததும் வெப்சைட் வேலை செய்தது

அன்பு மைத்துனருக்கு அத்தான் எழுதுவது. நானும் கடையும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பொய் எழுதிப் பழக்கமில்லை. அங்கே உங்கள் அக்கா நலமாகத்தான் இருப்பாள், என்னைப் பற்றிப் பேச ஆள் கிடைத்துவிட்டதே.

அவள் சொல்வதை மட்டும் கேட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தன் தையல் கடைக்கு வெப்சைட் வேண்டும் என்றாள். ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான்; என் மேசையைக் கடக்கும் எறும்புகூட ஒற்றுப்பிழை இல்லாமல்தான் கடக்கும். வெளி ஆள் எதற்கு என்று மாலை வகுப்பில் சேர்ந்து, நானே படித்து, நானே எழுதி, நானே பிழை பார்த்து வெளியிட்டேன். மேலே உங்கள் அக்காவின் படம், அதைத் தொட்டால் ஆர்டர் போகும். அதன் கீழ் இரண்டு வரி அறிமுகம், அப்புறம் கடை நேரம், விலாசம், போன் நம்பர். என்ன ஆயிற்றென்றால், எங்கே தொட்டாலும் ஆர்டர் போனது. கடை நேரம் பார்க்க வந்த பல் டாக்டர் பெயரில் ஆறு திரைச்சீலை. விலாசம் தேடிய தபால்காரர் பெயரில் ஒரு கட்டுத் தலையணை உறை. புகார் சொல்லலாம் என்று போன் நம்பரைத் தொட்ட அம்மாள் பெயரில் இன்னும் ஒரு ஜோடி திரைச்சீலை. "திடீர்னு நம்ம கடைக்கு இவ்வளவு மவுசா!" என்று உங்கள் அக்கா அத்தனையையும் வெட்டித் தைத்தும் விட்டாள். வாங்கத்தான் யாரும் வரவில்லை.

வகுப்பு ஆசிரியையைக் கேட்டேன். என் மகளைவிடச் சின்னவர், ஆனால் அதட்டல் பலம். "ஒவ்வொரு வரியா சத்தமா படிங்க சார், குறுக்க பேசாத ஒருத்தர்கிட்ட" என்றார். நம் வீட்டில் அப்படி ஒரு ஜீவன் ஏது? கடையில் கவுன் மாட்டி நிற்கும் பொம்மைதான். அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தேன். அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் என்னையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அளவு கொடுக்காமலே போய்விட்டார்கள். பிழையும் அகப்படவில்லை.

அடுத்த வழி சொன்னார். "பாதியை மறைச்சுப் பாருங்க. கோளாறு போச்சுன்னா அது மறைச்ச பாதியில இருக்கு. போகலைன்னா மிச்சப் பாதியில இருக்கு." கீழ்ப்பாதியை மறைத்தேன், கோளாறு போகவில்லை. மேல்பாதியை, அதாவது உங்கள் அக்காவை மறைத்தேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. சந்தோஷம் தலைக்கேறி, கடை நிறைய ஆள் இருப்பதைப் பார்க்காமல் கத்திவிட்டேன்: "கண்டுபிடிச்சுட்டேன்! கோளாறே நீதான்! உன்னை எடுத்ததும் எல்லாம் சரியாப் போச்சு!"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அப்படியா? இப்ப நானே என்னை எடுத்துக்கிட்டுப் போறேன். எல்லாம் சரியாவே ஓடட்டும்" என்று பையோடு உங்கள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். நான் சொன்னது படத்தை என்று விளக்கக்கூட நேரமில்லை.

உண்மையில், தொட்டால் ஆர்டர் போவது படத்தோடு நிற்பதற்காக, படத்துக்குப் பின்னால் போட வேண்டிய மூடும் குறி ஒன்று விட்டுப்போயிருந்தது. ஒன்றைத் திறந்தால் மூட வேண்டும், அவ்வளவே. திறந்ததும் மறந்ததும் நான்தான் என்பது வேறு விஷயம். அதற்காகக் கட்டிய புருஷனை விட்டுப் போவதா? நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உடனே கிளம்பி வரச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகள் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போடாமல் வளர ஆசிகள்.

இப்படிக்கு,
நியாயம் தன் பக்கம் உள்ள அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடுமுன், பழக்கதோஷத்தில் கடிதத்தை ஒரு முறை பிழை பார்த்தேன். எழுத்துப்பிழை ஏதும் இல்லை. அதற்குள் அடுப்பில் பால் தீய்ந்துவிட்டது. ஓடிப்போய் அணைத்துவிட்டு, யாருமில்லாத வீட்டில் பால் பாத்திரத்தைப் பார்த்துக் கத்தினேன். அப்போதுதான் உறைத்தது. உங்கள் அக்கா இருந்தபோதும் இந்த வீட்டில் கத்தல் இருந்தது, போன பிறகும் இருக்கிறது. ஆசிரியை சொன்னபடி பார்த்தால், பாதியை எடுத்தும் கோளாறு போகவில்லை என்றால் அது மிச்சப் பாதியில் இருக்கிறது. மிச்சம் இருப்பது நான் மட்டும்தான். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறைத்துவிட்டு, இதை மட்டும் அவளிடம் படித்துக் காட்டுங்கள். அவளை அனுப்ப வேண்டாம். மன்னிப்புக் கேட்க நானே வருகிறேன். அவளில்லாமல் இங்கே இருக்க முடியவில்லை. நான் வரும்போது கதவை மட்டும் நீங்கள் திறந்துவிடுங்கள். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.