நல்லையா அடுப்பு பற்றவைத்த மாதம்

ஆபத்து எந்த உருவத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்? ரங்கூன் நகரின் பபேடான் பகுதியில் நான்காவது மாடியில் குடியிருக்கும் நல்லையாவுக்கு அது ஒரு நீலப் பெட்டியின் உருவத்தில் வந்தது. மழை ஓய்ந்து வெயில் முகம் காட்டிய முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர் மனைவி கனகாம்பாள் அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் பால்கனியில் காயவைத்தாள்.

“பெட்டி எதுக்கு?” என்றார் நல்லையா.

“பூஞ்சை பிடிச்சிருக்கு. வெயில் காட்டுறேன்.”

“காட்டி?”

“துணி வைப்பேன்.”

“வச்சு?”

“பெட்டியில துணி வச்சா என்ன பண்ணுவாங்க? ஊருக்குப் போவாங்க.”

நல்லையா வாய்க்குக் கொண்டுபோன ரொட்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். மகள் ரேவதி கோலாலம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். இப்போது அவளுக்குத் தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று போனில் தினமும் அழுகை. மாப்பிள்ளை டிக்கெட்டும் எடுத்துவிட்டார். தசாங்டைங் என்கிற பர்மிய விளக்குத் திருவிழாப் பௌர்ணமிக்கு மறுநாள் விமானம்; மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பல். நல்லையாவுக்குக் கடையில் லீவு கிடையாது. ஆகவே கனகாம்பாள் போனால் நல்லையா தனியாக இருக்க வேண்டும்.

தனியாக! கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் தனியாக இருந்தது குளியலறையில் மட்டும்தான். அங்கேயும் துண்டை மறந்துவிட்டு “கனகா!” என்று கூப்பிடுவார். அவர் வேலை பார்ப்பது இரும்புச் சாமான் கடையில். எந்த போல்ட்டுக்கு எந்த நட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். உப்பு டப்பா எது, சீனி டப்பா எது என்று கண்ணைத் திறந்துகொண்டும் சொல்லத் தெரியாது. சோறு கிடக்கட்டும், லபெயே கடை என்கிற பர்மிய டீக்கடையில் டீயைக் குடித்தே உயிரை வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் உள்ளே யாரும் இல்லை என்றால்? அதை நினைத்தபோதுதான் ரொட்டியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“போகத்தான் போறியா?” என்றார்.

கனகாம்பாள் ஒரு பெருமூச்சு விட்டாள். “இன்னும் முடிவு பண்ணலீங்க. போகணும்னு ஒரு மனசு, வேணாம்னு ஒரு மனசு. இந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க. மழை விட்டு நல்ல காத்து வீசுது. ஊரே விளக்கு வைக்குது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராவது என் கையில சூடா ஒரு டம்ளர் கொண்டாந்து குடுத்திருக்காங்களா? அங்க போனா மாப்பிள்ளையாவது குடுப்பாரு.”

“ஒரு டம்ளருக்காகவா கடல் தாண்டிப் போற?”

“பௌர்ணமி வரைக்கும் பாக்குறேன். மனசு இங்க ஒட்டிச்சுன்னா இருந்துடுறேன். ஒட்டலேன்னா போறேன்.”

கீழே காய்கறிக்காரி குரல் கொடுத்தாள். கனகாம்பாள் எழுந்து, பால்கனிக் கயிற்றில் சிவப்புப் பிளாஸ்டிக் கூடையை மாட்டி இறக்கினாள். ரங்கூன் மாடி வீடுகளில் எல்லாம் இந்தக் கயிறு உண்டு. கீழேயிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். அந்த வீட்டில் செங்கோல் என்று ஒன்று இருக்குமானால் அது அந்தச் சிவப்புக் கூடைதான். அதைக் கனகாம்பாளைத் தவிர இன்னொரு கை தொட்டது கிடையாது.

நல்லையா அன்று சபதம் எடுத்தார். ஒரு டம்ளரில் ஒட்டுகிற மனசு என்றால் ஓராயிரம் டம்ளர் கொடுத்துவிடுவது! இந்த மாதம் முழுக்க அடுப்படி தன் பொறுப்பு. சூடாகக் கொடுத்து, சூடாகச் சமைத்துப் போட்டு, பால்கனியில் விளக்கு வைத்து, பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் அனுப்பாவிட்டால் என் பெயர் நல்லையா இல்லை என்று மனசுக்குள்ளேயே மீசையை முறுக்கினார்.

மறுநாள் காலையில் சுக்குக் காப்பி போட்டார். கரண்ட் இல்லை. ரங்கூனில் கரண்ட் என்பது பெரிய வீட்டுச் சம்பந்தி மாதிரி. அது வருகிற நேரத்துக்கு நாம்தான் தயாராக இருக்க வேண்டும். கரி அடுப்பை ஊதி ஊதி, புருவம் பொசுங்கி, சுக்கைத் தட்டிப் போட்டு, கருப்பட்டி கரைத்து, டம்ளரைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தார். கனகாம்பாள் ஒரு வாய் குடித்தாள். டம்ளருக்குள் பார்த்தாள்.

“என்னங்க, மஞ்சளா இருக்கே?”

“கருப்பட்டி நிறமா இருக்கும்.”

“நீங்க தட்டிப் போட்டது சுக்கு இல்லீங்க, விரலி மஞ்சள். பரவால்ல, உடம்புக்கு நல்லது. சுக்கு பக்கத்து டப்பாவுல இருக்கு.” மிச்சத்தையும் மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். “கரியைக் கூம்பா அடுக்கிட்டு நடுவுல நெருப்பு வைக்கணும். இப்படி ஊதினா நுரையீரல்தான் வேகும்.”

“மனசு ஒட்டுதா?”

“ஓரத்துல லேசா ஒட்டுது.”

அது போதாதா அந்த மனிதருக்கு? றெக்கை கட்டிக்கொண்டார். மறுநாள் சுக்கு சுக்காகவே விழுந்தது. அடுத்த வாரம் இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டுப் பால் டீ. கனகாம்பாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பால்கனி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆறாமல் அருந்தினாள்.

“டீ அருமை. ஆனா டீயோட நிறுத்திட்டா எப்படி? இந்தக் குளிருக்கு ஒரு மிளகு ரசம் இருந்தா மனசு இன்னும் கொஞ்சம் ஒட்டும்.”

ரசம் வைத்தார். “கொதிக்க விடக் கூடாதுங்க, நுரை கட்டினதும் இறக்கிடணும்,” என்றாள். அதற்கு அடுத்த நாள் நுரை கட்டியதும் இறக்கினார். “ரசம் இருந்து சோறு குழைஞ்சா என்ன பிரயோசனம்?” என்றாள். கஞ்சி வடிக்கக் கற்றுக்கொண்டார். பூசணிக்காய்க் கூட்டு, பட்டாணிக் குழம்பு, அவரைப் பருப்பு வடை என்று ஒவ்வொன்றுக்கும் மனசு ஒவ்வொரு அங்குலமாக ஒட்டிக்கொண்டே வந்தது. காகிதக் கூண்டு விளக்கு வாங்கிப் பால்கனியில் தொங்கவிட்டார். அந்த வருஷம் நம் கார்த்திகைத் தீபமும் பர்மியர்களின் பௌர்ணமியும் ஒட்டி வந்ததால் அகல் விளக்குகளையும் துடைத்து வைத்தார். தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

“கால்வாசி ஒட்டிடுச்சு,” என்றாள் கனகாம்பாள். பிறகு ஒரு நாள், “அரைவாசி.”

எல்லாம் சரி. பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் போகவில்லை. நாளுக்கு நாள் உப்பிக்கொண்டே வந்தது. பிரசவ மருந்து, பூண்டு, பெருங்காயம், பழைய வேட்டி கிழித்த மெத்தென்ற துணி. கேட்டால், “மனசு ஒட்டிச்சுன்னா பிரிச்சு வச்சிடப் போறேன், அவ்வளவுதானே?” என்பாள். நியாயமாகத்தான் பட்டது.

பௌர்ணமியும் வந்தது. அன்றைக்குப் பர்மியர்கள் மெஸலி மொட்டு என்ற ஒருவகைக் கொன்றை மொட்டைப் பறித்துச் சமைப்பார்கள். அன்று அதைச் சாப்பிட்டால் வருஷம் முழுக்க நோய் அண்டாது என்று நம்பிக்கை. தலைமுறை தலைமுறையாய் இங்கே இருக்கிற நம்மவர் வீடுகளிலும் அந்த வழக்கம் உண்டு. நல்லையா மொட்டு வாங்கிக்கொண்டு வரும்போது, தரைத்தளத்தில் சமோசா போட்டு விற்கிற உம்மு சல்மா கூப்பிட்டாள்.

“அண்ணே, இன்னிக்கு ராத்திரி சாமான் செட்டெல்லாம் பத்திரம். காக்கா எழாத திருவிழாவாச்சே!”

இதுவும் இந்த ஊர்ச் சம்பிரதாயம். அந்தப் பௌர்ணமி இரவு விடிவதற்குள், காக்கை எழுந்திருக்கும் முன்னே, தெருப் பையன்கள் வீடுகளிலிருந்து கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயாவது வைத்துவிடுவார்கள். எல்லாம் விளையாட்டு. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

“போன வருஷம் என் பெஞ்சைத் தூக்கிட்டானுங்க,” என்றாள் உம்மு சல்மா. “ரெண்டு நாள் கழிச்சுத்தான் கிடைச்சுது. பெஞ்சாவது பரவால்ல. ஊருக்குப் போறவங்க பெட்டி கிட்டி போச்சுன்னா பயணம் என்னாகுறது?”

நல்லையா அப்படியே நின்றார். தலைக்குள் பல்பு எரிந்தது. அதுவும் கரண்ட் இல்லாத நேரத்தில்.

“ஏம்மா, உன் கடைக்குப் பின்னாடி ஒரு சாமான் வைக்க இடம் இருக்குமா? யாருக்கும் தெரியக் கூடாது.”

“வைங்கண்ணே. யாரு கேட்டாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

அன்று அந்தியில் அகல் விளக்கு வெளிச்சத்தில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மெஸலி மொட்டை வேகவைத்து, முதல் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, வேர்க்கடலை தூவியிருந்தார் நல்லையா. கனகாம்பாள் வாயில் வைத்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

“கசப்பா?” என்று பதறினார்.

“கசப்பே தெரியலீங்க.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவ்வளவு பக்குவமா யாரும் எனக்குச் செஞ்சு போட்டதில்ல.”

“அப்போ... ஒட்டிடுச்சா?”

“முக்கால்வாசி.”

மிச்சம் கால்வாசிக்குத்தான் அந்தத் திருட்டு. விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது நல்லையா எழுந்தார். நல்லவேளையாகப் பெட்டி வாசற்கதவை ஒட்டியே கிடந்தது. எப்போதும் கிரீச்சென்று ஊரைக் கூட்டுகிற தாழ்ப்பாள் அன்று வாயே திறக்கவில்லை. தெய்வம் துணை நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார். இறங்கத் தொடங்கியபிறகுதான் தெரிந்தது பெட்டியின் கனம். ரங்கூன் மாடிப்படி ஏணிக்கு அண்ணன். ஒரு படிக்கு ஒரு முருகா என்று நான்கு மாடி இறங்கி, பெட்டியை உம்மு சல்மாவின் கடைக்குப் பின்னால் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்து படுத்தார். கனகாம்பாள் நல்ல குறட்டையில் இருந்தாள்.

விடிந்தது. காக்கைகள் எழுந்தன. கனகாம்பாளும் எழுந்து, குளித்து, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து வாசலைப் பார்த்தாள்.

“என்னங்க, பெட்டியைக் காணோமே?”

“காணோமா?” என்று நெஞ்சில் கை வைத்தார் நல்லையா. “அடப் பாவமே! பசங்க வேலையா இருக்கும். கோவிச்சுக்காத கனகா, சம்பிரதாயம்.”

“நான் ஏன் கோவிக்கிறேன்? சூடா ஒரு டம்ளர் குடுங்க.”

கொடுத்தார். சந்தோஷத்தில் சீனி ஒரு கரண்டி கூடவே விழுந்திருந்தது. கனகாம்பாள் நாற்காலியில் சாய்ந்து, போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள்.

“அம்மா, கிளம்பிட்டியா? அப்பாவைத்தான் நெனச்சேன். அவரு எப்படிம்மா தனியா சமாளிப்பாரு?” என்றது ரேவதியின் குரல்.

“அந்தக் கவலைதான்டி எனக்கும் இருந்துச்சு. சோறு தண்ணி இல்லாம கிடப்பாரேன்னுதான் வரதா வேணாமான்னு இருந்தேன். இப்ப கவலை இல்ல. கரி அடுப்பு பத்தவைக்கிறாரு, கஞ்சி வடிக்கிறாரு, ரசம் என்னைவிட நல்லாவே வைக்கிறாரு. நேத்து மெஸலி மொட்டையே கசப்பில்லாம செஞ்சுட்டாருன்னா பாரு. இனி நிம்மதியா கிளம்புறேன்.”

நல்லையாவின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை என்று சும்மாவா சொன்னார்கள்? இவர் ஒரு மாதமாகப் பக்குவம் பார்த்து, உப்புக் காரம் பார்த்து வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறார்!

“பெட்டி இல்லாம எப்படிப் போவ?” என்று கடைசி அம்பை விட்டார்.

கீழே கார் ஹாரன் அடித்தது. தொடர்ந்து உம்மு சல்மாவின் குரல்: “கனகக்கா! பெட்டியை டாக்சியில ஏத்தியாச்சு!”

நல்லையா பால்கனிக்கு ஓடினார். “ஏம்மா, வாயைத் திறக்க மாட்டேன்னியே!”

“எங்கண்ணே திறந்தேன்? அக்கா ஒண்ணும் கேக்கலையே! உங்ககிட்ட என்ன சொல்லணும்னு அவங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க!”

திரும்பிப் பார்த்தார். கனகாம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“என் முழங்காலுக்கு அந்தப் பெட்டியை நாலு மாடி இறக்க முடியுமா, சொல்லுங்க. டாக்சிக்காரன் மேல வர மாட்டான். உங்களைக் கேட்டா இடுப்புவலின்னுவீங்க. அதான் கதவு ஓரமா வச்சேன். தாழ்ப்பாளுக்கு முந்தாநாளே எண்ணெய் விட்டேன். சத்தம் கேட்டா நீங்க பயந்து விட்டுட்டு வந்துடுவீங்க.”

நல்லையாவுக்குக் கோபம் வரவில்லை. விழுந்த கரண்டியைக் குனிந்து எடுத்தார். “எல்லாம் சரி கனகா. சமையல் தெரிஞ்சு என்ன? சூடா டம்ளரை நான் யாருக்குக் குடுப்பேன்?”

கனகாம்பாள் நின்றாள். பக்கத்தில் வந்து, அவர் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். “புள்ள பயப்படுதுங்க. முதல் பிரசவம். நான் போய்த்தான் ஆகணும். ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த ஒரு மாசம் நான் நடிச்சது அந்த மனசுக் கணக்கு மட்டும்தான். குடிச்சதெல்லாம் நிஜமாவே ருசியா இருந்துச்சு. திரும்பி வந்து, அதே நாற்காலியில உக்காந்து, அதே டம்ளர்ல குடிப்பேன்.”

சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நல்லையா பால்கனியில் கல்லாக நின்றார். வீடு ஒரே நொடியில் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. கீழே கார்க் கதவு திறந்தது. மூடவில்லை. 

திடீரென்று கயிற்று மணி அடித்தது.

மனசு மாறிவிட்டாள்! நல்லையா இரண்டு கையாலும் கயிற்றை வாரி வாரி இழுத்தார். கயிற்று முனையில், இறங்கும்போது அவள் கையோடு கொண்டுபோய் மாட்டிய, இத்தனை வருஷம் வேறு யாரும் தொடாத அந்தச் சிவப்புக் கூடை ஆடி ஆடி மேலே வந்தது. அவசரமாக உள்ளே கையை விட்டுத் துழாவினார். கூடை காலி.

“வெங்காயம் தீந்துபோச்சுங்க! இனி கூடையை நீங்கதான் இறக்கணும்!” என்றது கீழேயிருந்து கனகாம்பாளின் குரல்.