ஐந்தாவது கம்பி

ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்பார். அது பழைய இனம், ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. இப்போது தெருவுக்கு நாலு பேராகப் பெருகியிருப்பது அடுத்த இனம். இவர் கூடத்தைக் குறை சொல்ல மாட்டார். தன் அளவுக்குப் புதுக் கூடம் ஒன்று கட்டித்தரச் சொல்லி வரைபடத்தோடு வந்து நிற்பார். இவருக்குச் 'சொல்லிச் செய்பவர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த சொல்லிச் செய்பவர்களில் தலைசிறந்தவர் சொல்லிச் செய்தது ஒரு பேஸ் கிட்டார்.

பேஸ் கிட்டார் தெரியும்தானே? மேடை ஓரத்தில் ஒருவர் நின்று, தடித்த நாலு கம்பிகளில் 'தும் தும்' என்று தட்டிக்கொண்டிருப்பாரே, அதுதான். வாசிக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால் பாட்டுக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

நம்மவர் சனிக்கிழமைகளில் டயர் கடை மாடியில் நாலு பேர் குழுவில் பேஸ் வாசிப்பவர். சுமாராக வாசிப்பார். அந்தச் சுமார் தன் விரலில் இல்லை, கடையில் வாங்கிய கிட்டாரில்தான் இருக்கிறது என்று ஒருநாள் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு அதைத் தூக்கி மைத்துனனிடம் கொடுத்துவிட்டார்.

"புதுசு வர்ற வரைக்கும் எதுல மாமா வாசிப்பீங்க?"

"வாசிக்கவே மாட்டேன்டா. பழைய பழக்கம் புதுசுல ஒட்டிக்கக் கூடாது பாரு."

முன்யோசனை என்றால் இதுவல்லவா?

பிறகு பட்டறை. கிட்டார் செய்பவர் காதில் பென்சில் செருகியவர், வாயைத் திறக்கக் கூலி கேட்பவர். நம்மவர் தர்பூசணி வாங்குகிறவர் போல ஒவ்வொரு பலகையாகத் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார், எடை நாலு கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சொன்னதோடு விடாமல் வீட்டிலிருந்து தராசையே தூக்கிவந்தார், கழுத்து தன் பிடிக்குப் பொருந்த வேண்டும் என்று இடது கையைக் காகிதத்தில் விரித்து வைத்து வரைந்து கொடுத்தார், பதினேழு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதினெட்டாவதில் முந்தைய பதினேழையும் மறந்துவிடச் சொன்னார். கடைசியாக, கழுத்து செதுக்கி முடிந்த அன்று வந்தார். நாலு கம்பி போதாது என்றார். ஐந்து வேண்டுமாம்.

பட்டறைக்காரர் பென்சிலைக் கையில் எடுத்தார். "அஞ்சுன்னா கழுத்து அகலமாகணும் சார். முதல்லேர்ந்து செய்யணும்."

"செய்யுங்க, அவசரமே இல்ல."

"அந்த அஞ்சாவது கம்பி உங்க பாட்டுல எங்க வருது?"

"வரும்போது இருக்கணும்ல?"

பட்டறைக்காரர் பென்சிலைத் திரும்பக் காதில் செருகிவிட்டுப் புதுப் பலகையை எடுத்தார். மாதங்கள் ஓடின.

"ஏங்க, பிள்ளை பெத்துக்கவே பத்து மாசம்தான் ஆச்சு. இது பதினொன்னு," என்றார் மனைவி.

"அது சொல்லிச் செஞ்சதில்லையே!"

இதற்கிடையில் சனிக்கிழமைகள் நிற்குமா? நம்மவர் வெறுங்கையோடு போய், சுவரில் சாய்ந்துகொண்டு மரங்களைப் பற்றி விரிவுரை ஆற்றினார். 'மாமா வர்ற வரைக்கும்' என்று மைத்துனன் பழைய கிட்டாரோடு வந்து நின்றான். அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது: நகர அரங்கில் கச்சேரி, எண்ணூறு இருக்கைகள். குழுவுக்கு அதுதான் முதல் மேடை. நம்மவர் பதினைந்து வருடமாகக் காத்திருந்த மேடை.

கச்சேரிக்கு எட்டு நாள் இருக்கும்போது கிட்டார் தயாரானது. தேன் நிறம். மூன்று கிலோ தொள்ளாயிரம். நம்மவர் அதை ஆறு பக்கமும் படம் எடுத்தார்.

"வாசிங்க சார்."

இன்னும் இரண்டு படம் எடுத்தார்.

"சார், வாசிங்க."

வாசித்தார். பாதிப் பாட்டில் நிறுத்தி, விரலை ஊதிக்கொண்டார்.

"கையைக் காட்டுங்க," என்றார் பட்டறைக்காரர். கம்பியை அழுத்துகிற விரல் நுனி காய்த்துப்போய்க் கெட்டியாக இருக்க வேண்டும். இந்த நாலும் வெண்ணெய் போல இருந்தன. "காய்ப்பெல்லாம் போயிடுச்சே. இதுக்கு நான் ஆர்டர் எடுக்கிறதில்ல சார்."

நம்மவர் விடவில்லை. மூன்று நாள் விடாமல் வாசித்தார். நாலாம் நாள் நுனியெல்லாம் கொப்புளம்.

கச்சேரியில் மேடை ஓரம் நின்று 'தும் தும்' என்று தட்டியவன் மைத்துனன். முதல் வரிசையில் நம்மவர், மடியில் புதுக் கிட்டார்ப் பெட்டி.

"நீங்களும் வாசிப்பீங்களா?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

"மரம் இன்னும் செட்டாகல," என்றார். ஆனால் துணி சுற்றிய அந்த விரல்கள், ஒரு பாட்டு விடாமல், பெட்டி மூடியின் மேல் சரியாக அழுத்தி அழுத்தி நகர்ந்துகொண்டிருந்தன. நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

சங்கடம் மறுநாள் காலை தீர்ந்தது. பட்டறை திறக்குமுன்னே நம்மவர் வாசலில் நின்றார். தினமும் உட்கார்ந்து பயிற்சி செய்யப் போகிறாராம், அதற்கு ஒரு நாற்காலி செய்ய வேண்டும். கைப்பிடி கூடாது. முதுகு லேசாகச் சாய வேண்டும். வரைபடம் கொண்டுவந்திருந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். காலையில் ஓடுவதற்கென்றே பாதத்தை அளந்து வாங்கினீர்களே ஒரு ஜோடி ஷூ, அதன் அடிப்பாகம் இன்னும் வெள்ளையாகத்தானே இருக்கிறது?

எங்கே, உங்கள் கையையும் கொஞ்சம் காட்டுங்கள், காய்ப்பு இருக்கிறதா பார்ப்போம்.