நேராக நிற்கும் ஒரே சுவர்

அன்பும் அறிவும் பொறுமையும் நிறைந்த அக்காவுக்கு (பொறுமை இந்தக் கடிதம் முடியும்வரை இருந்தால் போதும்) தம்பி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்கிறாய், பாதியில் அம்மா பிடுங்கிப் பேசுகிறாள். கடிதத்தில் அந்த வசதி உங்கள் இருவருக்கும் கிடையாது.

நேற்று நீ, "அப்பாவை ஏன்டா சமையலறை வாசல்ல உக்கார வச்சிருக்கே?" என்று கத்தினாய். நான் உட்கார வைக்கவில்லை. அவரேதான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். காரணம் ஹால் சுவர். அதைப் பூசியவன் நான். அது நேராக இருக்கிறது. மொத்த வழக்கும் இவ்வளவுதான், இனி விவரம்.

அப்பா முதுகைக் கொடுத்து உட்காருவாரே, அந்தச் சுவரில் வெளிப்பக்கக் குழாயின் கசிவு இறங்கி, பூச்சு வீங்கிக் கிடந்தது. தட்டினால் காலி டப்பா மாதிரிச் சத்தம். அம்மா அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் ஒரு காலண்டர். வீக்கம் பரவியதும் அதைவிடப் பெரிய காலண்டர், அதற்கப்புறம் இரண்டு காலண்டர் பக்கத்தில் பக்கத்தில், இப்படியே விட்டால் வீடு முழுக்கத் தேதி பார்க்கலாம் என்ற நிலை வந்தபோது நான் தலையிட்டேன். குழாயை மாற்றி, சுவரைக் காயவிட்டு, பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தேன். "கொத்தனார்கிட்ட விட்டுடலாமே" என்றார் அப்பா. "அப்போ நான் கட்டடம் படிச்சது எதுக்கு?" என்று கேட்டேன்.  கொத்தனார் ஒருவரை வரவழைத்தது உண்மைதான், ஆனால் கலவை போட்டுத் தர மட்டும். அவருக்கு நான் வைத்த பெயர் சரிசார். எதைச் சொன்னாலும் "சரி சார்" என்பார், மறுத்துப் பேசுவது அவர் கூலியில் அடங்காது.

செங்கல் தெரிந்ததும் மேலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். நூலில் குண்டைக் கட்டி விட்டால் சுவர் நேரா கோணலா என்று அது சொல்லிவிடும், அதற்கு உறவு, பாசம், தாட்சண்யம் ஒன்றும் கிடையாது. எனக்குப் பிடித்த கருவி. சுவர் உச்சியில் வெளிப்பக்கமாக இரண்டரை அங்குலம் சாய்ந்திருந்தது! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கொஞ்சம் அப்படித்தான்டா இருக்கும். பழைய பூச்சு எப்படி இருந்துச்சோ அப்படியே பூசிடு."

"தெரிஞ்சே கோணலாப் பூசச் சொல்றீங்களா?"

"வீடு போற போக்குல போடான்னு சொல்றேன்."

வீடு எங்கும் போகவில்லை அக்கா, போகாமல் நிற்பதற்குப் பெயர்தான் வீடு. அடியில் அரை அங்குலம், மேலே போகப் போகக் கனம் கூட்டி மூன்று அங்குலம் என்று கணக்குப் போட்டு, சுவரில் அங்கங்கே கலவைத் திட்டு வைத்து மட்டம் குறித்துக்கொண்டு பூச ஆரம்பித்தேன். அவ்வளவு கனத்தை ஒரே நாளில் ஏற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏற்றினேன், காத்திருப்பது எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மேல்பாதி முழுவதும், தூங்குகிறவர் மேலிருந்து போர்வை நழுவுவதுபோல், அவசரமில்லாமல் நழுவித் தரையில் உட்கார்ந்தது. "விழுந்துடுச்சு சார்" என்றார் சரிசார். அம்மா துடைப்பத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். இதை அவள் உன்னிடம் தோல்வி என்று சொல்லியிருப்பாள். இது தோல்வி அல்ல, அவசரம். மறுபடி கம்பிவலை அடித்து, ஒரு தடவை பூசி, காயும் முன் கொத்துக்கரண்டி முனையால் கீறிவிட்டு, அது இறுகிய பிறகு அடுத்த தடவை என்று முறையாக ஏற்றினேன். வேளா வேளைக்குத் தண்ணீர் தெளித்தேன். "எங்களுக்குக் குடிக்கத் தண்ணி இருக்கா, இல்ல எல்லாம் சுவருக்கேவா?" என்று அம்மா கேட்டாள். பொருட்படுத்தவில்லை.

சுவர் முடிந்தது. தற்பெருமை என்று நினைக்காதே, நினைத்தாலும் சரி. மூலையிலிருந்து மூலைக்கு மட்டப்பலகையை ஓட்டிப் பார்த்தேன், பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடத்தில்கூட வெளிச்சம் புகவில்லை. உள்ளங்கையை வைத்தால் வழுக்குகிறது. தூக்குக்குண்டின் நூல் உச்சியிலும் அடியிலும் ஒரே இடைவெளி. அப்படி ஒரு சுவர் இந்தத் தெருவிலேயே இல்லை. அதை அம்மா பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லா நின்னுட்டிருந்த சுவரைக் குனிய வச்சிட்டியேடா!"

காரணத்தை விளக்குகிறேன், கவனமாகப் படி. அந்தச் சுவரை ஒட்டி வாசக்கால் இருக்கிறது. வாசக்காலும் கோணல். அது பழைய சுவரோடு சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்ததால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நேராக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தன. இப்போது சுவர் மட்டும் நிமிர்ந்துவிட்டது. அதனால் வாசக்காலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடம் அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் தெரிகிறது. பார்க்கிறவர்களுக்குச் சுவர் தலைமேல் விழுவதுபோல் இருக்கிறதாம். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்து, "தம்பி, லேசா வருதே" என்றார். தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தால் எது வராது? சரிசாரைச் சாட்சிக்கு அழைத்தேன். "நேரா இருக்குல்ல?" என்றேன், "ஆமா சார்." "சாஞ்சிருக்குல்லப்பா?" என்றாள் அம்மா, "ஆமாம்மா." சாட்சி விசாரணை அதோடு முடிந்தது.

வருகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று தூக்குக்குண்டை அந்தச் சுவரருகே நிரந்தரமாகத் தொங்கவிட்டேன். அம்மா அதில் கைத்துண்டைக் காயப்போட்டாள்.

அப்புறம்தான் நான் எல்லா அறைகளையும் அளந்தேன். அப்பா ஹாலில் இருந்தார். ஒவ்வொரு சுவராகக் குண்டைத் தொங்கவிட்டு, அவருக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன்: உள்ளறை இரண்டரை அங்குலம், சமையலறை இரண்டரை, நடைச் சுவர் இரண்டரைக்கும் மேலே ஒரு நூல் (கொத்தனார் கணக்கில் அரைக்கால் அங்குலம்). முழு வீடும் ஒரே பக்கம், ஒரே அளவு. இந்த வீட்டைக் கட்டும்போது விடுமுறை எல்லாம் கூடவே நின்று, செங்கல்லைத் தானே நனைத்துக் கொடுத்ததாக எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! "இதெல்லாம் யாருப்பா பார்த்தது?" என்று கேட்டேன்.  எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனார். அன்றிலிருந்து அங்கேதான். சாப்பாடு அங்கே, செய்தித்தாள் அங்கே. ஹாலைக் கடந்து போனால் தரையைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

நான் சொன்ன அளவில் தவறு இருந்தால் சொல், திருத்திக்கொள்கிறேன். இல்லை. ஆகவே உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நீ சொன்னால் அப்பா கேட்பார். "தம்பி பூசினது நேராத்தான் இருக்கும்பா, உக்காருங்க" என்று போன் போட்டுச் சொல். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அவர் அந்தச் சுவரை ஒரு தடவை பார்த்து, தன் வாயால் "நேரா இருக்குடா" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைப் பழைய இடத்தில் போட வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அக்கா அவ்வளவு கலவையையும் ஏற்றினேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவன் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும், சின்னவள் சுவரில் கிறுக்காமல் வளரட்டும். உன் வீட்டுச் சுவர்கள் எல்லாம் நேராக நிற்க வாழ்த்துகிறேன். நின்றாலும் ஒரு தடவை குண்டோடு வந்து பார்த்துவிடுகிறேன்.

என்றும் உன் தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் அப்பாவிடம் சொல்லாதே. போனும் போடாதே. மேலே உள்ளதை எழுதி முடித்த அன்று உறையை ஒட்டப் பசை தேடி உள்ளறைக்குப் போனேன். அப்பா முக்காலி மேல் ஏறி நின்று, தூக்குக்குண்டின் நூலைச் சுவர் உச்சியில் பிடித்துக்கொண்டிருந்தார். குண்டு ஆடிக்கொண்டே இருந்தது. அது நிற்கட்டும் என்று காத்திருந்தார். நின்றதும் குனிந்து பார்த்தார். திரும்பாமலே, "நீ சொன்னது சரிதான்டா. ஹால் சுவர் ஒண்ணுதான் நேரா இருக்கு. மத்ததெல்லாம் நான் கட்டினது" என்றார்.

நான் கேட்ட வார்த்தை இதுதான். கேட்டபடியே கிடைத்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை ஹால் சுவரைக் கொத்தினேன். "நல்லாத்தானே இருந்துச்சு, ஏன்டா?" என்று ஓடிவந்தார். "கலவை சரியில்லப்பா, மேல வெடிப்பு விட்டிருக்கு" என்றேன். என் கலவையில் வெடிப்பு! வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவர்களோடு இன்றுவரை வாதாடிக்கொண்டிருப்பேன். மறுபடி பூசினேன், இந்தத் தடவை உச்சியில் இரண்டரை அங்குலம் வெளியே தள்ளி, வாசக்காலோடு, உள்ளறையோடு, முழு வீட்டோடும் சேர்த்து. நேராகப் பூசுவது எளிது அக்கா, குண்டே வழி காட்டிவிடும். வீட்டுக் கோணலுக்குப் பொருந்தப் பூசுவதற்குத்தான் கணக்குத் தெரிந்தவன் வேண்டும்.

அப்பா வந்து கதவோரம் நின்று பார்த்தார். உள்ளங்கையால் தடவினார். "இப்பத்தான்டா நேரா இருக்கு" என்று சொல்லி, நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். ஒரு நூல்கூடப் பிசகாமல் சாய்ந்திருக்கிறது. வந்து பார்.