முகவரியோடு ஒட்டிப் போன மதிப்பெண்

அன்புள்ள மருமகனுக்கு மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். பள்ளியின் கார் மட்டும் சுகமில்லை, அதன் முன்விளக்கு ஒன்று பட்டறையில் இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

நம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு நீ ஆசையாகச் செய்து கொடுத்த இணையதளத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் சாலை விதிகளில் இருபத்துநான்கு கேள்வி. இரண்டாம் பக்கத்தில் சரி எத்தனை, தவறு எத்தனை என்று போட்டு ஒரு சான்றிதழ். பதினெட்டு சரியாக இருந்தால்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம் என்பது என் சட்டம். "ஒரு பக்கத்துல வாங்கின மார்க் அடுத்த பக்கத்துக்கு எப்படிப் போகும்?" என்று அன்றே கேட்டேன். "திரையில மேல இருக்கிற பக்க முகவரியோட ஒட்டி அனுப்பிடுவேன் மாமா. அந்தப் பக்கத்துல நான் எழுதி வெச்ச ஸ்கிரிப்ட் அதை எடுத்துப் படிச்சுக்கும். சர்வரே வேண்டாம், எல்லாம் அவங்கவங்க பிரவுசர்லயே முடிஞ்சிடும்" என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை ஆட்டி வைத்தேன். நம்மிடம் ஓட்டக் கற்க வந்த மளிகைக்கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது.

அந்த மனிதர் வாங்கியது ஆறு. முகவரியின் வாலில் அந்த ஆறு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அதை அழித்து இருபத்துநான்கு என்று தட்டி, கையோடு பக்கத்தில் இருந்த தவறு எண்ணிக்கையையும் பூஜ்யமாக்கியிருக்கிறார். உன் ஸ்கிரிப்டும் ஏன், எதற்கு என்று கேட்காமல் சான்றிதழை நீட்டிவிட்டது. முழு மதிப்பெண் ஆயிற்றே என்று நம்பி முதல் நாளே அவரைக் கடைத்தெருவுக்கு ஓட்டச் சொன்னேன், சிவப்பு விளக்கைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டினார், "நிறுத்துங்க" என்றேன், "எதை அமுக்கணும்?" என்று நிதானமாகக் கேட்டார், என் பக்கத்து பிரேக்கை நான் மிதிப்பதற்குள் சலவைக்கடைக்குள் போய்விட்டோம். வெளியே வரும்போது வண்டி மேல் யாருடைய கோட்டோ, என் தலையில் யாருடைய தலையணை உறையோ. "சார், அது இப்பதான் தேச்சது" என்று சலவைக்காரர் வருத்தப்பட்டார். மளிகைக்காரர் அங்கேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். விசாரித்தால் மொத்த வகுப்பும் இதே லட்சணம்தான். பல் டாக்டர் அவசரத்தில் இருநூற்று நாற்பது என்று போட்டுக்கொண்டிருக்கிறார், அதில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தால் உன் அத்தை சிரித்த முகமாக ஒரு சான்றிதழை நீட்டுகிறாள். சரி இருபத்தொன்று, தவறு மூன்று. கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து கார் ஓட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், நான்தான் சாக்குச் சொல்லி நாளைக் கடத்துகிறேன். என் வாய் சும்மா இருந்ததா? "நீயும் மேல தட்டித்தானே வாங்கினே?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. "நான் உக்காந்து படிச்சு எழுதினேன்" என்றாள். அதோடு பேச்சு நின்றது. காபி வருகிறது, வைக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது மருமகனே, ஆனால் தப்பு என்று ஒப்புக்கொள்ளவும் வாய் வரவில்லை. இன்று காலையில் அவளே வந்து நின்றாள். "அந்தப் பரீட்சையை நீங்க எழுதுங்க. இருபத்தொண்ணுக்கு மேல வாங்கிட்டா நான் இனிமே சாவியைக் கேக்கவே மாட்டேன்" என்றாள்.

ஆகவே மதிப்பெண்ணை யாரும் கைவைக்க முடியாத இடத்தில் வைத்து அனுப்பு. நேர்மை ஒன்றுதான் இந்தப் பள்ளியின் மூலதனம். உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பரீட்சை எழுதினேன். பதின்மூன்று. அத்தை வருகிற சத்தம் கேட்டதும் அதை அழித்து இருபத்திரண்டு என்று தட்டிவிட்டேன். முழுசாகப் போட்டால் சந்தேகம் வரும் அல்லவா? அவசரத்தில் தவறு எண்ணிக்கையை மாற்ற மறந்துவிட்டேன். சான்றிதழில் சரி இருபத்திரண்டு, தவறு பதினொன்று என்று வந்தது. அவள் அதை வாங்கி, கூட்டி முப்பத்துமூன்று என்று பார்த்து, இருபத்துநான்கில் தவறைக் கழித்தும் பார்த்து, நாற்காலியில் விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்னைச் சொன்னது தப்புதான்" என்றேன். "பதினெட்டு வாங்காதவங்க ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, உங்க சட்டம்தானே?" என்று சாவியை எடுத்துக்கொண்டாள். தபால் பெட்டிக்கு அவள்தான் ஓட்டி வருகிறாள், என் கால் என் பக்கத்து பிரேக்கிலேயே இருக்கிறது. சிவப்பு விளக்கில் அழகாக நிற்கிறாள், அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். முகவரியில் தட்டுகிற அந்த வழியை இப்போதைக்கு அடைக்காதே, நான் பரீட்சையை இன்னொரு முறை எழுத வேண்டியிருக்கிறது.