விழிதியூர்ப் பூர்வீக வீடு

"ஏங்க, தலைக்கு மேல ஓட்டப் பிரிக்கிறீங்களே, கீழ ஒருத்தி சோறு வடிக்கிறது தெரியலயா?"

கமலாம்பாள் பானைக்குள் விழுந்த ஓட்டுச் சில்லை எடுத்து வீசினாள். கூரைமேல் உட்கார்ந்திருந்த தியாகராசன் காதில் வாங்கவில்லை. காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். எதையும் யோசித்துச் செய்பவன் என்று அவனே பல பேரிடம் சொல்லியிருக்கிறான்.

விழிதியூரில் இருந்த அந்த வீடு அவனுக்கும் தம்பி சுவாமிநாதனுக்கும் பொது. தம்பி அதை இடித்து மாடி வீடு கட்டத் துடித்துக்கொண்டிருந்தான். தியாகராசனுக்கோ அந்த வீடு உயிர். இந்தச் சமயத்தில்தான் பிரெஞ்சுக்காரர்களின் ரெயூனியன் தீவிலிருந்து தகவல் வந்தது. கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன பூட்டனாரின் தம்பி வம்சத்தில் வீராசாமி என்று ஒருவர், பூர்வீக வீட்டைப் பார்க்க வருகிறாராம்.

"அண்ணே, அவரு வந்து இதுதான் எங்க வீடுன்னு சொல்லட்டும், நான் கைய வைக்கல. இல்லேன்னா தை பொறந்ததும் இடிச்சிருவேன்" என்றான் சுவாமிநாதன்.

"கண்ண மூடிக்கிட்டுச் சொல்வாரு, பாரேன்."

பூட்டனார் காலத்து வீடு என்றால் அது கூரை வீடுதான். இதில் தியாகராசனுக்குத் துளியும் சந்தேகமில்லை. ஓடு, பிற்பாடு அப்பா ஏதோ கடையில் வாங்கிப் போட்டதாக இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் சேவல் படம் வேறு அச்சடித்திருந்தது. அந்தக் காலத்தில் சேவல் மார்க் ஏது?

இறக்கிய ஓட்டைப் பக்கத்து வீட்டுப் பூவாயி கேட்டாள். "ஐயா, ஆட்டுக் கொட்டாய்க்கு எடுத்துக்கட்டுங்களா?"

"ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டுப் போ. பழைய வீட்டுல ஓடு கெடந்தா அவருக்குச் சந்தேகம் வந்துரும்."

கீற்று வேய்ந்த கையோடு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒழுகிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் தேங்க, கமலாம்பாள் வழுக்கி விழுந்தாள்.

"அந்தக் காலத்துல ஏது சிமெண்டு?" என்று தரையைக் கொத்திச் சாணம் மெழுகினான். மறுநாள் கூடத்தில் நாற்று நடலாம்போல் இருந்தது. ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டவளுக்கு ஷாக் அடித்தது.

"அந்தக் காலத்துல ஏது கரண்டு?" என்று வயரையும் பிடுங்கினான்.

"அந்தக் காலத்துல பொண்டாட்டி இருந்தாளா?" என்று கேட்டுவிட்டு, கமலாம்பாள் பெட்டியோடு கோவில்பத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"விருந்தாளிக்கு யாரு சமைக்கிறது?"

"பூட்டனார வரச்சொல்லுங்க."

அந்த ஓட்டுக்குக் கீழே மழைக்கு நனையாமல் படுத்திருந்தவை பூவாயியின் ஆடுகள்தான்.

வீராசாமி டாக்சியில் வந்து இறங்கினார். டிரைவர் மீரா சாகிப் சைகோனில் இருந்தவர், பிரெஞ்சு பேசுவார். தியாகராசன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினான். வந்தவர் தரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. கீற்றையே அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. வெளியே வந்து நாலாபுறமும் பார்த்தவர், விறுவிறுவென்று பூவாயி கொல்லைக்கு நடந்தார்.

ஆட்டுக் கொட்டாய் முன்னால் நின்று, தாழ்வாரத்து ஓட்டின் அடியைத் தடவினார். பிறகு பையிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஓடு. அதிலும் சேவல். செருப்பைக் கழற்றிவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு, பிரெஞ்சில் ஏதோ சொல்லி அழுதார். ஓர் ஆடு அவர் தொப்பியை மென்றது.

"என்ன சொல்றாரு பாய்?" என்றான் தியாகராசன்.

"இவரு பூட்டனாரு கரும்பு வெட்டி மொத மொத வாங்குன ஓடாம். பாதிய அங்க தன் வீட்டுல போட்டுக்கிட்டு, அண்ணன் குடும்பம் மழையில நனையக் கூடாதுன்னு மீதியக் கப்பல்ல அனுப்பினாராம். சேவல் ஓடு எங்க இருக்கோ அதுதான் நம்ம வீடுன்னு புள்ளைங்ககிட்ட சொல்லிட்டு மௌத்தானாராம்."

பின்னாலேயே வந்திருந்த சுவாமிநாதன் அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். தியாகராசனுக்கு அழுகை வந்தது.

பூவாயி தொப்பியை ஆட்டின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ஐயா, உங்க பூர்வீக வீட்டுல இனிமே நான் ஆட்டக் கட்டலாங்களா, கூடாதுங்களா?"